துபாய் பார்த்தோம், பழவேற்காடு பார்த்தோமா?

(சென்னை பாடியில் இளைஞர்கள், வியாபாரிகள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

மேடை ஏறினால் இவர் ஒன்று அரசியல் பேசுவார், இல்லாவிட்டால் மறுமையைப் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு நான் பேச வந்திருப்பது சுற்றுலாவைப் பற்றி! சிரிக்க வேண்டாம். இதிலும் அரசியல் இருக்கிறது, மறுமையும் இருக்கிறது. பொறுமையாகக் கேளுங்கள்.

நம் பாடியிலும் கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் கடை வைத்திருக்கிற பாய்மார்கள் வருடம் முழுக்க உழைக்கிறார்கள். பெருநாள் முடிந்து இரண்டு நாள் ஷட்டரை இறக்குகிறார்கள். எங்கே போகிறார்கள்? கொஞ்சம் வசதி இருந்தால் ஊட்டி, கொடைக்கானல். இன்னும் வசதி இருந்தால் துபாய். அங்கே உயரமான கட்டிடத்துக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ. இப்போது டிராவல்ஸ்காரர்கள் புதிதாக ஒரு பட்டியலை நீட்டுகிறார்கள். போஸ்னியா, அல்பேனியா, துருக்கி! ஹலால் சாப்பாடு உண்டு, பள்ளிவாசல் உண்டு, பனிமலை உண்டு. ஐரோப்பாவில் யாரும் அதிகம் பார்க்காத இடங்கள் என்று ஆசை காட்டுகிறார்கள்.

போகக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஹலாலான சம்பாத்தியத்தில், குடும்பத்தோடு, தொழுகையைத் தவறவிடாமல் போனால் போய் வாருங்கள். ஆனால் போஸ்னியாவுக்குப் போனால் அங்கே என்னத்தைக் காட்டுவார்கள் தெரியுமா? மோஸ்டார் என்கிற ஊரில் நெரெத்வா ஆற்றின் மேல் ஒரு கல்பாலம். 1566ல் உஸ்மானியர் காலத்தில் ஹைருத்தீன் என்ற கட்டிடக் கலைஞர் கட்டியது. ஒரே வளைவு. 400 ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 1993 நவம்பர் 9ந் தேதி பீரங்கியால் அடித்து ஆற்றில் விழ வைத்தார்கள். அந்த ஆண்டுகளில் போஸ்னியாவுக்காக நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் கையேந்தி துஆச் செய்தோமே, மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதே நாட்டில் பான்யா லூகா என்ற நகரத்தில் ஃபெர்ஹாதியா பள்ளிவாசல். 1579ல் கட்டியது. 1993 மே 7ந் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள். தகர்த்ததோடு விடவில்லை. கற்களை அள்ளிக் கொண்டுபோய்க் குப்பைமேட்டிலும் நீர்நிலையிலும் கொட்டினார்கள். நாளைக்கு ஒருவன் வந்து இங்கே பள்ளிவாசல் இருந்தது என்று சொல்ல முடியாதபடி ஆக்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

நடந்தது என்ன? மோஸ்டார் பாலத்தை அதே மாதிரி திரும்பக் கட்டி 2004 ஜூலையில் திறந்தார்கள். ஃபெர்ஹாதியாவின் கற்களைக் குப்பையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் பொறுக்கி எடுத்து, எந்தக் கல் எந்த இடத்தில் இருந்தது என்று பழைய படங்களையும் வரைபடங்களையும் வைத்துக் கண்டுபிடித்து, 2016 மே 7ந் தேதி, எந்த நாளில் தகர்த்தார்களோ அதே நாளில், தொழுகைக்குத் திறந்தார்கள். அல்லாஹு அக்பர்!

எப்படி முடிந்தது? காசு இருந்ததாலா? காசும் வேண்டும்தான். ஆனால் அதற்கு முன்னால் அவர்களிடம் அளவு இருந்தது, படம் இருந்தது, கல்வெட்டின் படி இருந்தது. எதிரி இடித்ததை மீண்டும் எழுப்புவதற்கு வேண்டிய ஆதாரத்தை இடிக்கு முன்பே யாரோ எடுத்து வைத்திருந்தார்கள்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். நம்முடைய ஊர்களில் 300 வருடம், 400 வருடம், அதற்கும் மேலே வயதான கல் பள்ளிவாசல்கள் இருக்கின்றனவே, அவற்றின் அளவு யாரிடம் இருக்கிறது? கல்வெட்டின் படி எந்த ஜமாஅத் அலமாரியில் இருக்கிறது?

பாடியிலேயே திருவலிதாயம் கோயில் இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம் என்று இந்தத் தெருவில் விளையாடுகிற இந்துப் பையன் சொல்வான். அவன் பெற்றோர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல விஷயம். இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது பூந்தமல்லி. அங்கே 1653ல் ஒரு பள்ளிவாசல் கட்டப்பட்டது. கோல்கொண்டா சுல்தான் அப்துல்லாஹ் குத்ப்ஷாஹ் காலம். கட்டியவர் பெயர் ருஸ்தம். ஊர் அஸ்தராபாத். எங்கே இருக்கிறது அஸ்தராபாத்? ஈரானில், காஸ்பியன் கடல் பக்கம். இன்றைக்கு அதன் பெயர் குர்கான். அங்கே பிறந்த மனிதர் இங்கே பூந்தமல்லியில் பள்ளி கட்டியிருக்கிறார்! அன்றைக்கு இந்தச் சீமையைக் கோல்கொண்டாவுக்காகப் பிடித்து நிர்வாகம் செய்தவர் மீர் ஜும்லா. அவரும் ஈரானிலிருந்து வந்தவர்தான். முதலில் வைர வியாபாரி, பிறகுதான் தளபதி. வியாபாரிகளே, உங்கள் ஆள்! ஆங்கிலேயன் சென்னையில் கோட்டை கட்டத் தொடங்கியது 1640ல். அவன் காலூன்றிக் கொண்டிருந்த அந்த நாட்களிலேயே பூந்தமல்லியில் பாங்கு ஒலித்திருக்கிறது. மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் தினமும் சரக்கு ஏற்றிப் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். சரி, வேண்டாம், சங்கடப்படுத்தவில்லை.

இங்கே மதரஸாவில் ஓதிய தம்பி ஒருவர் எழுந்து நிற்கப் போகிறார், எனக்குத் தெரியும். "ஹஜ்ரத், மூன்று பள்ளிவாசல்களுக்குத் தவிர வேறெங்கும் பயணம் கட்டக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்களே, நீங்கள் பூந்தமல்லிக்குப் போ என்கிறீர்களே?" நியாயமான கேள்வி. மஸ்ஜிதுல் ஹராம், மஸ்ஜிதுந் நபவீ, மஸ்ஜிதுல் அக்ஸா, இந்த மூன்றுக்குத்தான் அந்தச் சிறப்பு. அங்கே தொழுவதற்குத் தனி நன்மை இருக்கிறது. வேறு எந்தப் பள்ளிக்கும் அப்படி ஒரு தனி நன்மையை நாடிப் போகக் கூடாது. பூந்தமல்லியில் தொழுதாலும் பாடியில் தொழுதாலும் அதே ஜமாஅத் நன்மைதான். நான் உங்களைக் கந்தூரிக்கோ சந்தனக்கூட்டுக்கோ அழைக்கவில்லை. நேர்ச்சை செய்யவோ கயிறு கட்டவோ அழைக்கவில்லை. வியாபாரத்துக்காக நாக்பூருக்குப் போகலாம், கல்விக்காகத் தேவ்பந்துக்குப் போகலாம், முன்னோர் நிலையைப் பார்த்துப் பாடம் பெறுவதற்காகப் போகக் கூடாதா? பூமியில் பயணம் செய்து முன்னிருந்தோரின் முடிவைப் பாருங்கள் என்று குர்ஆன் ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் சொல்கிறது. பார்க்கும் ஒழுங்கையும் நபியவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஹிஜ்ரீ 9ல் தபூக்கிற்குப் போகும் வழியில் ஸமூது கூட்டத்தாரின் குகை வீடுகளைக் கடந்தபோது, அழுதவர்களாகவே தவிர அங்கே நுழையாதீர்கள் என்று தோழர்களை எச்சரித்தார்கள். பாழடைந்த இடத்தில் பிரியாணிச் சட்டியை இறக்கிக் கும்மாளம் போடுகிற நம்முடைய பழக்கத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி பழவேற்காட்டுக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்று பேச ஆசை.

பாடியிலிருந்து மாதவரம் போய், செங்குன்றம் வழியாகக் கல்கத்தா ரோட்டில் ஏறி, தச்சூரில் திரும்பினால் பொன்னேரி, அதைத் தாண்டிப் பழவேற்காடு. ரயிலில் போகிறவர்கள் சென்ட்ரல் போய், கும்மிடிப்பூண்டி வண்டியில் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிக்கலாம். கஸ்ரு உண்டா என்று கேட்காதீர்கள், அவ்வளவு தூரம் இல்லை என்பதுதான் நம் மத்ஹபு கிதாபுகளின் கணக்கு. முழுதாகத் தொழுங்கள்!

ஊருக்குள் நுழைவதற்கு முன்பே ஏரி தெரியும். ஒரிஸ்ஸாவின் சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி இதுதான். மழைக்காலம் முடிந்து மார்கழி, தை மாதங்களில் போனால் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். நீண்ட கால், வளைந்த மூக்கு, சிறகை விரித்தால் ரோஜா நிறம். பார்த்துவிட்டு சுப்ஹானல்லாஹ் சொல்லாத நாக்கு என்ன நாக்கு? ஒரு எச்சரிக்கை. படகு சவாரிக்கு ஆசைப்படாதீர்கள். 2011 டிசம்பர் 25ந் தேதி, விடுமுறைக்கு வந்த உறவுக் கூட்டம் ஒன்று படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டு போனார்கள். கரையில் நின்று பார்த்தாலே போதும்.

டச்சுக்காரன் 1610ல் இங்கே வந்து ஒப்பந்தம் போட்டான். 1613ல் கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டினான். சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவனுக்கு இதுதான் தலைமையிடம். 1690ல்தான் நாகப்பட்டினத்துக்கு மாற்றினான். எதற்காக இங்கே வந்தான்? மிளகுக்கா? ஏலக்காய்க்கா? இல்லை. துணிக்கு! இந்தோனேசியத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்க வேண்டுமானால் அங்கே உள்ளவர்கள் வெள்ளியைவிட நம் ஊர்த் துணியை விரும்பினார்கள். துணிதான் நாணயம். அந்தத் துணியை நெய்தவர்கள் நம் நாட்டு நெசவாளிகள். டச்சுக்காரன் வருவதற்கு முன்பிருந்தே அதைக் கப்பலில் ஏற்றிக் கிழக்கே கொண்டு போனவர்களில் நம் மரைக்காயர்கள் இருந்தார்கள்.

மலேசியாவுக்குப் போய் வந்த வியாபாரிகள் இங்கே இருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கட்டம் போட்ட கைலியை அங்கே மலாய்க்காரர்கள் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். காயின் என்றால் துணி. பெலிக்காட் என்றால்? பழவேற்காடு! ஐரோப்பியன் வாயில் புலிக்காட் ஆகி, மலாய்க்காரர் வாயில் பெலிக்காட் ஆகிவிட்டது. ஜும்ஆவுக்கு அவர்கள் உடுத்திப் போகிற கைலியில் நம் பக்கத்து ஊரின் பெயர் ஓடுகிறது. நாம் கைலிக் கடையே வைத்திருக்கிறோம், நமக்குத் தெரியாது!

டச்சுக்காரரின் கல்லறைத் தோட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு உருவங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைப் பலகைகள், கப்பல் படம், குடும்பச் சின்னம், எழுத்து எல்லாம் அப்படியே நிற்கிறது. மத்தியத் தொல்லியல் துறை வேலி போட்டுப் பலகை வைத்துக் காக்கிறது. காக்கட்டும், தவறில்லை. ஆனால் அந்த அழகான பலகைகளைப் பார்க்கும்போது ஒன்றை மறந்து விடாதீர்கள். இதே துறையிலிருந்துதான் பஞ்சத்தில் அடிபட்ட நம் தமிழ் மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தேவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பினார்கள். அந்த அடிமைகளுக்கு அங்கே ஒரு பலகையும் இல்லை.

கோட்டை இன்று மண்மேடும் முட்புதரும்தான். அதைத் தேடிப் போய் ஏமாற வேண்டாம். முஸ்லிம் தெருக்களுக்குப் போங்கள். நம் வீட்டுப் பெண்கள் பனை ஓலையில் கூடையும் பெட்டியும் பின்னுவதைப் பார்க்கலாம். ஓலையை நாராகக் கிழித்துச் சாயம் ஏற்றி அவர்கள் முடைகிற வேகம் பார்க்க வேண்டிய ஒன்று. பேரம் பேசாமல் ஒன்று வாங்கி வாருங்கள். வியாபாரியிடம் பேரம் பேசாதே என்று சொல்வது கஷ்டம்தான்!

அங்குள்ள பள்ளிவாசலில் ஒரு நிழற்கடிகாரம் இருக்கிறது. இளைஞர்களே, இதற்காகவே நீங்கள் போக வேண்டும். கைப்பேசியில் பாங்கு ஒலிக்கிற காலத்தில் வளர்ந்தவர்கள் நீங்கள். சூரியனின் நிழலை வைத்து லுஹரையும் அஸரையும் கணக்கிட்டார்கள் நம் முன்னோர். நாங்கள் மதரஸாவில் கிதாபில் ஓதுவோம். நிழல் மிகக் குறுகி, மறுபடி நீளத் தொடங்கும்போது லுஹர். அந்த உச்சி நேரத்து நிழலைக் கழித்துவிட்டு, ஒரு பொருளின் நிழல் அதன் உயரம் அளவுக்கு வந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் அஸர். இரு மடங்கு ஆனால் இமாம் அபூஹனீஃபாவிடம் அஸர். கரையோர மரைக்காயர்கள் ஷாஃபிஈ, உள்நாட்டில் ஹனஃபி, இரண்டு கணக்கும் நம் ஊர்களுக்கு வேண்டும். கிதாபில் ஓதும்போது இது மண்டையில் ஏறாது. கல்லில் பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரியும். இன்னொரு அதிசயம். நம் சென்னைப் பக்கம் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் உச்சி நேரத்தில் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். நட்டு வைத்த கம்புக்கு நிழலே இராது. அந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் உச்சி நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே விழும். மக்காவிலும் இப்படித்தான், வருடத்தில் இரண்டு நாள் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே நிற்கும். உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு கம்பை நட்டுச் சோதித்துப் பாருங்கள். வானவியலில் உலகுக்கு ஆசான்களாக இருந்த சமுதாயம் என்று மேடையில் நாங்கள் முழங்குகிறோமே, அந்த முழக்கத்துக்குப் பழவேற்காட்டில் கல் சாட்சி இருக்கிறது.

தெற்கே போகிறவர்கள் கீழக்கரைக்குப் போங்கள். ராமநாதபுரத்தில் ரயிலை விட்டிறங்கினால் பஸ்ஸில் கொஞ்ச தூரம். மன்னார் வளைகுடாக் கடல், பச்சைத் தண்ணீர், எதிரே சின்னச் சின்னத் தீவுகள். அங்குள்ள ஜும்ஆப் பள்ளியை முதல் தடவை பார்க்கிறவன் திகைப்பான். குவிமாடம் கண்ணில் படாது. வானளாவிய மினாரா இராது. கருங்கல் தூண்கள், தூணின் தலையில் பொதிகை, மேலே தட்டையான கல் கூரை. ஒரு மண்டபம் மாதிரி இருக்கும். ஆனால் தூணில் ஒரு உருவம் கூட இருக்காது. பூவும் கொடியும் கட்டமும்தான் செதுக்கியிருப்பார்கள். கோயில் கட்டிய அதே தமிழ்ச் சிற்பிகள்தான் பள்ளிவாசலையும் கட்டினார்கள். எங்கள் மார்க்கத்தில் உருவம் கூடாது என்று சொன்னதும் சரி என்று பூ வேலை செய்து கொடுத்தார்கள். சீதக்காதி வள்ளல் வாழ்ந்த ஊர் அது. உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல்! இந்த மண்ணுக்கு நீ அந்நியன் என்று எவனாவது உன்னிடம் சொன்னால் நீ கத்த வேண்டாம், கொதிக்க வேண்டாம். அவன் கையைப் பிடித்துக் கீழக்கரைக்கு அழைத்துப் போ. அந்தத் தூண் பேசும்.

ஒரு விஷயத்தில் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். நம் ஊர்களில் பள்ளிவாசல் வாசலில் பெயிண்ட் அடித்து வைக்கிறார்கள், நபியவர்கள் காலத்திலேயே கட்டியது, ஸஹாபாக்கள் கட்டியது என்று. திருச்சியில் கோட்டை ரயில் நிலையம் அருகே சிறிய கல் பள்ளி ஒன்று இருக்கிறது. அதன் அரபிக் கல்வெட்டில் ஹிஜ்ரீ 116 என்று இருப்பதாகப் படித்து எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட எழுத்து இருந்தால் காட்டு, ஆய்வாளர்கள் பார்க்கட்டும். எழுத்து இல்லாமல் வயதைக் கூட்டிச் சொல்லாதே. இருக்கிற வயதே நமக்குப் போதும்! ஹதீஸுக்கு ஸனது கேட்கிற சமுதாயம் நாம். கட்டிடத்துக்கு மட்டும் ஸனது கேட்க மாட்டோமா?

இப்னு பதூதாவைப் பாருங்கள். 1344ல் மாலத்தீவிலிருந்து கிளம்பியவர், புயலில் சிக்கி நம் மஅபர் கரையில் ஒதுங்கினார். பத்தன் என்ற துறைமுகத்தில் கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசலைக் கண்டதாக எழுதி வைத்தார். அப்போது மதுரையை ஆண்டவர் சுல்தான் கியாஸுத்தீன். இப்னு பதூதாவுக்கு மனைவி வழியில் உறவு, மச்சான் முறை. அந்த சுல்தான் போரில் பிடித்தவர்களைப் பெண்கள் குழந்தைகள் என்று பாராமல் கொன்றதையும் அவர் மறைக்கவில்லை. உறவுக்காரன், முஸ்லிம் மன்னன், உபசரித்தவன் என்பதற்காக அநியாயத்தைப் பூசி மெழுகவில்லை. அது கொடுமை என்று எழுதினார். பயணம் போகிறவனுக்கு இந்த நாணயம் வேண்டும். நம்மவர் செய்த நல்லதையும் எழுது, கெட்டதையும் எழுது.

செஞ்சிக் கோட்டையும் அப்படித்தான். 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது, இனிக் கூட்டம் பெருகும். அங்கே 1714ல் நடந்த போரில் ராஜா தேசிங்கு மாண்டான். எதிர்ப் பக்கம் ஆற்காட்டின் ஸஆததுல்லாஹ் கான். தேசிங்கின் பக்கம் நின்று அவனோடு உயிர் விட்டவன் அவனுடைய தோழன் மஹபத்கான். இரு பக்கமும் முஸ்லிம் இருந்தான்! இது மதச் சண்டை என்று எவன் சொல்ல முடியும்? கோட்டைக்குள் ஸஆததுல்லாஹ் கான் பெயரிலேயே ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. மலையேறி இறங்கியவர்கள் அதையும் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். நம் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் 1795ல் கட்டியது. அது கட்டிய ஆண்டைச் சொல்லும் பார்சிக் கவிதையை எழுதியவர் மக்கன் லால் என்ற இந்து. நவாபின் அந்தரங்கச் செயலாளர். ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்த எழுத்தின் முன்னால் தொழுகிறார்கள். எத்தனை பேர் ஏறெடுத்துப் பார்த்திருப்போம்?

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் பிரச்சாரத்துக்காக ஒரு கடற்கரை ஊருக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பழைய பள்ளியை இடித்துவிட்டுப் புதிதாக கான்கிரீட் பள்ளி எழுப்பியிருந்தார்கள். டைல்ஸ், கண்ணாடி, பச்சை விளக்கு, அரபு நாட்டுப் பாணி மினாரா. ஒளூச் செய்ய உட்கார்ந்தேன். காலுக்குக் கீழே படிக்கல். தண்ணீர் பட்டதும் ஏதோ வரி வரியாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தால் எழுத்து! பாதி தேய்ந்து விட்டது. கலிமாவின் ஒரு துண்டு மட்டும் படிக்க முடிந்தது. முதலில் காலை எடுத்தேன். அப்புறம் மோதினாரைக் கூப்பிட்டேன். பழைய பள்ளி வாசலுக்கு மேலே இருந்த கல், வேலைக்கு வந்த கொத்தனார் போட்டுவிட்டார் என்றார். அன்றைக்கே அதை எடுத்துச் சுவரோரம் வைக்கச் சொன்னேன், வைத்தார்கள். ஆனால் தேய்ந்து போன வரிகளை யார் திரும்பக் கொண்டு வருவது? பான்யா லூகாவில் எதிரி குப்பையில் கொட்டினான். இங்கே நாமே கால் கழுவினோம்.

இடிக்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் இடிப்பதில்லை. ஜும்ஆவுக்குக் கூட்டம் நிற்க இடமில்லை. மழை பெய்தால் ஒழுகுகிறது. தூண்கள் குறுக்கே வந்து ஸஃப்பு முறிகிறது. எல்லாம் உண்மையான கஷ்டம். ஆனால் பழைய ஹாலை அப்படியே முன்னால் வைத்துக்கொண்டு பின்பக்கமும் பக்கவாட்டிலும் விரிவாக்கிய ஊர்கள் இருக்கின்றனவே! கூரைக்குச் சுண்ணாம்பு ஓடு போட்டு ஒழுகலை நிறுத்த முடியுமே! வளைகுடாவில் வியர்வை சிந்தி அனுப்பிய பணத்தில், பாட்டன் வியர்வை சிந்திக் கட்டியதை இடிக்க வேண்டுமா? லண்டனில் பணியாற்றிய மெஹர்தாத் ஷுகூஹி என்ற ஈரானிய ஆய்வாளர் நம் காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் வந்து பள்ளிவாசல்களை அளந்து, வரைபடம் போட்டு, 2003ல் பெரிய நூலாக வெளியிட்டார். எங்கிருந்தோ ஒருவர் வந்து அளந்தார். உள்ளூரில் இருக்கிற நாம் ஒரு டேப்பை எடுத்து நீட்டிப் பிடிக்கவில்லை.

இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. 2025ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வக்ஃப் திருத்தச் சட்டத்தை நினைத்துப் பாருங்கள். காலங்காலமாகத் தொழுது வந்ததாலேயே ஓரிடம் வக்ஃப் என்று நிற்கிற வழியை இனிமேலுக்கு அடைத்துவிட்டார்கள். முன்பே பதிவானவை தொடரலாம், ஆனால் தாவா வந்தால், அரசு நிலம் என்று சொன்னால் தலைவலிதான். அந்த ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை நிறுத்தி வைத்தது. மற்றவற்றை நிறுத்தவில்லை. வக்ஃப் சொத்துக்களின் விவரங்களை இணையத்தில் ஏற்றச் சொல்லி நம் முத்தவல்லிகள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தோம். 300 வருடத்துக்கு முன் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் யார்? காகிதம் செல்லரித்துவிட்டது. மிஞ்சியிருப்பது கல். அந்தக் கல் ஒன்றே வழக்கை வென்று தந்துவிடும் என்று நான் சொல்லவில்லை, வக்கீல்கள் அதைப் பார்த்துக் கொள்வார்கள். ஆனால் இந்த இடத்தில் இந்த ஆண்டு பள்ளி இருந்தது என்பதற்கு அது சாட்சி. சாட்சியை நாமே உடைத்துவிட்டு நியாயம் கிடைக்கவில்லை என்று அழுதால் எப்படி? வேலூர்க் கோட்டைக்குப் போய்ப் பாருங்கள். கோயிலில் 1981 முதல் வழிபாடு நடக்கிறது, நமக்கு மகிழ்ச்சி. அதே கோட்டைக்குள் பள்ளிவாசல் பூட்டிக் கிடக்கிறது. கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் போகிறோம். ஆனால் அந்தப் பள்ளியைக் கண்ணாலேயே பார்க்காதவன் எதை வைத்துக் கேட்பான்?

ஆகவே இளைஞர்களே, போகிற இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் முத்தவல்லியிடமோ இமாமிடமோ ஸலாம் சொல்லி அனுமதி வாங்குங்கள். கேமராவை நீட்டிக்கொண்டு நுழைந்தால் எந்த ஊரிலும் சந்தேகப்படுவார்கள். பிறகு தொழுங்கள். பிறகு வாசல் நிலைக்கு மேலே, மிஹ்ராபைச் சுற்றி, கிணற்றடியில், மையவாடியில் எழுத்துள்ள கல் இருக்கிறதா என்று பாருங்கள். அரபி மட்டுமல்ல, தமிழிலும் பார்சியிலும் தெலுங்கிலும் இருக்கலாம். கல்லின் மேல் எண்ணெய் தடவாதீர்கள், சாக்பீஸ் பூசாதீர்கள், சுண்ணாம்பைச் சுரண்டாதீர்கள். இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பகலில் தெரியாத எழுத்து நிழல் விழுந்து எழும்பி நிற்கும். அப்போது படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுத்தால் அளவும் தெரியும். படத்தில் ஒரு பிரதியை அந்த ஜமாஅத்துக்கே கொடுங்கள், ஒன்றை நம் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். படிக்க முடியாததை மத்தியத் தொல்லியல் துறைக்கு எழுதிக் கேட்கலாம். அரபி, பார்சிக் கல்வெட்டுகளைப் படிப்பதற்கென்றே நாக்பூரில் அவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஊரில் வயதானவர்கள் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். எழுபது, எண்பது வயதுப் பெரியவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அவர் மவுத்தாகிவிட்டால் அந்தப் பேச்சு திரும்ப வராது.

வியாபாரிகளுக்கு ஒன்று. உங்கள் சொந்த ஊர்ப் பள்ளியைப் புதுப்பிக்க வசூலுக்கு வருவார்கள். கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். பழைய பள்ளியை என்ன செய்யப் போகிறீர்கள்? கல்வெட்டு இருந்தால் படி எடுத்தீர்களா? காசு கொடுக்கிறவன் கேட்டால்தான் நிர்வாகம் யோசிக்கும். எங்களைப் போல் மேடையில் பேசுகிறவன் கேட்டால் ஜஸாகல்லாஹ் ஹைர் சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இன்ஷா அல்லாஹ் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் நம் பள்ளி வாசலிலிருந்து இரண்டு வேன் பழவேற்காட்டுக்குப் புறப்படுகிறது. பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்கள் வரலாம். பிள்ளைகளை அனுப்புகிற தகப்பனார்கள் இன்று கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிடுங்கள். வாடகையை ஆளுக்குச் சமமாகப் பிரித்துக் கொள்வோம், முடியாதவர்களுக்கு இரண்டு கடைக்காரர்கள் பொறுப்பேற்றிருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வாருங்கள், குப்பையைத் திரும்ப எடுத்து வரப் பையும் கொண்டு வாருங்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு டார்ச், அளக்க டேப். லுஹருக்கு நிழற்கடிகாரத்தின் முன்னால் நிற்க வேண்டும், அதனால் தாமதமாக வருகிறவர்களுக்காக வேன் நிற்காது.